கன்னத்தைக் குறைத்த கை

"எனக்கு வேணாம்" என்று தட்டை நகர்த்தினாள் சின்னவள். முட்டை வைத்தது வைத்தபடி இருந்தது. ரொட்டியின் ஓரத்தை மட்டும் எலி மாதிரி கொறித்திருந்தாள். ஒரு வாரமாக இதே கூத்துதான்.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு எரிச்சல் உச்சந்தலை வரை ஏறியது. அவளுக்கே ஒவ்வொரு வாயும் ஒரு போராட்டம். பல வருஷம் பட்டினி கிடந்து, பட்டினி தாங்காமல் அள்ளித் தின்று, தின்றதற்காகத் தன்னையே வதைத்துக்கொண்டு, கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடந்து தேறி வந்தவள் அவள். இது பிடிவாதம் இல்லை, நோய் என்று டாக்டர் எடுத்துச் சொன்ன பிறகுதான் வீட்டில் நம்பினார்கள். வேளா வேளைக்கு உட்கார்ந்து வீட்டாரோடு சாப்பிடுவதுதான் அவளுக்கு எழுதிக் கொடுத்த வைத்தியம். மாத்திரை என்றால் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிடலாம். இதை மென்று விழுங்க வேண்டும், அதுவும் பெற்ற பெண் எதிரே உட்கார்ந்து தட்டைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது.

அப்பா எலக்ட்ரீஷியன். மீட்டர் பார்க்கிற அதே கண்ணால் மனைவியின் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். தட்டு காலியானால் "சபாஷ்" என்பார். நல்ல மனுஷர்தான். ஆனால் சாப்பிடும்போது ஒருவர் நம் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் தொண்டைக்குள் எதுவாவது இறங்குமா?

மாடியில் குடியிருக்கும் அவருடைய அக்கா இன்னும் ஒரு படி மேல். கீழே வரும்போதெல்லாம் யாராவது ஒருவருடைய உடம்பைப் பற்றி ஏதாவது சொல்லாவிட்டால் அவருக்குப் பொழுதே போகாது. தம்பி மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து தேறி வந்த அன்று, "பரவாயில்லையே, நல்லா பூசினாப்ல ஆயிட்டியே" என்றார். பாராட்டத்தான் சொன்னார், பாவம். அதைக் கேட்டவள் அன்று ராத்திரி சாப்பிட உட்காரவே பயந்தாள். சின்னவளுக்கு அவர் வைத்திருந்த செல்லப்பெயர் பூசணி.

அம்மாவுக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை. எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுச் சரிசெய்து கொடுக்க வேண்டும். பருவை அழிப்பதும் வெளிச்சத்தைக் கூட்டுவதும் பேருக்குத்தான். வருகிறவர்கள் கேட்பதெல்லாம், கொஞ்சம் ஒல்லியாகக் காட்டுங்கள் என்பதுதான். மவுஸால் லேசாக உள்ளே தள்ளினால் இடுப்பு சுருங்கும், தாடை ஒடுங்கும். வேறு வேலை பார்க்கக் கூடாதா என்று டாக்டர் கேட்டதற்கு, தெரிந்த தொழில் இது ஒன்றுதான் என்று சொல்லிவிட்டாள்.

பள்ளிக்கூட அடையாள அட்டைக்குப் படம் கேட்டிருந்தார்கள். சின்னவளை ஸ்டூடியோவுக்கே கூட்டிப்போய் எடுத்து, தானே சரிசெய்து பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தாள். அதைப் பார்த்த மாடி அத்தை, நம்ம பூசணி இளைத்து எவ்வளவு அழகாகிவிட்டாள் என்று அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் காட்டினார். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குழந்தை போட்டுக்கொண்டது.

அதற்கப்புறம்தான் இந்தத் தட்டு தள்ளும் படலம். மத்தியானச் சாப்பாட்டையும் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறாள் என்று டீச்சர் போனில் சொன்னார். கெஞ்சியாயிற்று, மிரட்டியாயிற்று, கதை சொல்லியும் பார்த்தாயிற்று. தன் வியாதிதான் பெண்ணுக்கும் தொற்றிக்கொண்டதோ என்ற பயம் ஒரு பக்கம் குடைய, அம்மா இன்றைக்குப் பொறுமை இழந்தாள்.

"நான் என்னையப் பார்த்துக்கறதா, உன்னையப் பார்த்துக்கறதா? சாப்பிடறதுக்கு என்னடி உனக்குக் கேடு?"

சின்னவளுக்கு உதடு துடித்தது. "சாப்பிட்டா போட்டோல இருக்கற மாதிரி ஆக முடியாதும்மா."

அம்மாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. எழுந்து போய்ப் பள்ளிக்கூடப் பையிலிருந்து அட்டையை எடுத்துவந்து, குழந்தையின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். அதே கண், அதே மூக்கு. கன்னம் மட்டும் வேறு.

ஒல்லியாகக் காட்டச் சொல்லி யாரும் அவளிடம் கேட்கவில்லை. அப்படிச் செய்ததே அவளுக்கு நினைவில்லை. வெளிச்சத்தைச் சரிசெய்யும்போது, பழகிப்போன கை தன் பாட்டுக்குக் கன்னத்தையும் தள்ளிவிட்டிருக்கிறது. தட்டில்தான் நோய் இருக்கிறது என்று அத்தனை பேரும் தட்டையே காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். நோயோ அவளோடு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் பள்ளி விட்டதும் பெண்ணை நேராக ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனாள். மடியில் உட்காரவைத்து, முதலில் எடுத்த படத்தைத் திறந்தாள். பிறகு மவுஸால் கன்னத்தைத் தள்ளிக் காட்டினாள். இப்படி ஒரு ஆள் உலகத்திலேயே கிடையாது, இது அம்மா செய்த பொய் என்று சொன்னாள்.

சின்னவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா குறைச்ச? என் கன்னம் நல்லா இல்லியா?"

அம்மா பெண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுதாள். "கோளாறு அம்மா கண்ணுலதான் கண்ணு, உன் கன்னத்துல இல்ல. அதுக்குத்தான் நான் டாக்டர்கிட்ட போறேன். நீ என்னை மாதிரி ஆயிடாத."

முதல் படத்தையே கை வைக்காமல் பிரிண்ட் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். அன்று இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மாடி அத்தையும் இறங்கி வந்திருந்தார். புதுப் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஏம்மா, அதுவே எடுப்பா இருந்துச்சே. இதுல பழையபடி பூசணி மாதிரில்ல இருக்கா."

சின்னவளின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அம்மா அதைப் பார்த்தாள்.

"அண்ணி, இனிமே இந்த வீட்ல யார் உடம்பைப் பத்தியும் யாரும் பேச வேணாம். குண்டுன்னும் வேணாம், இளைச்சு அழகாயிட்டன்னும் வேணாம்."

அத்தைக்கு முகம் சுருங்கிப்போனது. விளையாட்டுக்குச் சொன்னால் இப்படியா எடுத்துக்கொள்வது என்று தம்பியைப் பார்த்தார். தம்பி வழக்கம்போல மனைவியின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர், சட்டென்று தன் தட்டுக்குக் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

"என்கிட்டயும் எல்லாரும் விளையாட்டுக்குத்தான் சொன்னாங்க" என்றாள் அம்மா. குரலை உயர்த்தவில்லை. ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டு, மென்று, விழுங்கிவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னாள். "சின்ன வயசுல தின்ன சோறெல்லாம் அன்னன்னிக்கே செரிச்சுப்போச்சு அண்ணி. அந்தப் பேச்சு மட்டும் இன்னும் செரிக்கல. கை தவறி நானே இவளுக்கும் அதை ஊட்டிட்டேன். இனிமே நானும் ஊட்ட மாட்டேன், நீங்களும் ஊட்டாதீங்க. பசிச்சா சாப்பிடட்டும், போதும்னா எழுந்துக்கட்டும். அவ உடம்பு அவளுக்குப் பிடிச்சிருக்கணும், அது போதும்."