சர்க்கரை இல்லாத பாகு

கொரியாவின் தேகு நகரச் சந்தையில் மீன் வரிசை முடியும் இடத்தில் அக்காவும் தங்கையும் தொடுகறிக் கடை வைத்திருந்தார்கள். அக்கா கும்-ஹி முன்னால் நின்று விற்பாள். தங்கை மால்-சுன் பின்கட்டில் நின்று சமைப்பாள். பாகில் வதக்கிய நெத்திலி, சோயாவில் சுண்டிய தாமரைக்கிழங்கு, காரம் போட்டுப் புளிக்கவைத்த கிம்ச்சி எல்லாம் மால்-சுன்னின் கைப்பக்குவம். பேர் மட்டும் கும்-ஹிக்கு.

கும்-ஹிக்கு ஐம்பதை நெருங்கும் வயது. ஆனாலும் இடுப்பு ஒரு பிடிதான். காலையில் அரைக் கிண்ணம் சோறு, சாயங்காலம் முட்டைக்கோஸ் சாறு, அவ்வளவுதான் அவள் வயிற்றுக்கு. புருஷன் உல்சானில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டு எப்போதாவது வந்து போனான். மால்-சுன் கல்யாணம் ஆகாமல் கடையை ஒட்டிய அக்கா வீட்டு மாடியறையில் இருந்தாள். நூற்றியிருபது கிலோ எடை. சந்தைக்கே அது தெரியும், அக்காவே ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

"எங்க பன்னிக்குட்டி உள்ள இருக்கா. முன்னாடி வந்து நின்னான்னா, விக்க வச்சதெல்லாம் இவளே தின்னுட்டாளான்னு கேப்பீங்க" என்பாள் வாடிக்கைக்காரர்களிடம். அவர்கள் சிரிப்பார்கள். பின்கட்டிலிருந்து மால்-சுன்னும் சிரிப்பாள். சிரிக்காவிட்டால், உனக்குக் கோபம் வேற வருதா என்று அடுத்த பேச்சு வரும்.

முழங்கால் தேய்ந்து, ரத்தத்தில் சர்க்கரையும் ஏறியபோது, பெரிய மருத்துவமனையில் இரைப்பையைச் சுருக்கிக் குடலோடு இணைக்கும் ஆபரேஷனைச் சொன்னார்கள். அக்காவிடம் சொல்ல மால்-சுன் மூன்று நாள் தயங்கினாள்.

"வயித்த வெட்டுவாங்க, சரி. வாயை யாருடி வெட்டுவா?" என்றாள் கும்-ஹி.

ஆனாலும் ஆபரேஷன் நடந்தது. முதலில் தெளிந்த சாறு, அப்புறம் கஞ்சி, அப்புறம் ஒரு கைக்குள் அடங்கும் அளவு டோஃபு என்ற சோயாக் கட்டி. முட்டை, மீன் முதலில், இடமிருந்தால்தான் சோறு. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. சர்க்கரை அறவே கூடாது. நாள் முழுக்க அடுப்படியில் நின்று, நாக்கு நுனியில் உப்புப் பார்த்துத் துப்புவாள். ஒரு கைப்பிடி வேர்க்கடலைக்கு எத்தனை கலோரி, ஒரு கரண்டி நல்லெண்ணெய்க்கு எத்தனை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக் கற்றுக்கொண்டாள். உடம்பு கரைந்தது. இலையுதிர்காலம் வருவதற்குள், அவளே இதுவரை பார்த்திராத ஒரு முகம் கண்ணாடியில் வந்து நின்றது. பெரிய கண்கள், நல்ல எடுப்பான தாடை.

ஒருநாள் கும்-ஹி வங்கிக்குப் போயிருந்த நேரம் மால்-சுன் முன்னால் நின்றாள். மூன்று கடை தள்ளிக் கருவாடு விற்கும் பியோ தொங்-சிக் பெண்டாட்டியை இழந்தவர், யாரிடமும் அதிகம் பேசாதவர். கிம்ச்சி வாங்க வந்தவர் தயங்கி நின்றார்.

"நீங்க கும்-ஹி அம்மாவோட தங்கச்சியா? இத்தனை வருஷமா எங்க இருந்தீங்க?"

"பின்னாடிதான்."

"எதுக்குப் பின்னாடி?"

மால்-சுன் கிம்ச்சியை எடைபோட்டாள். அவர் கேட்டதற்கு மேல் ஒரு கரண்டி அள்ளிப் போட்டாள். மறுநாளும் அவர் வந்தார். அதற்கு மறுநாள், கும்-ஹி முன்னால் நிற்கும்போதே, "தங்கச்சி இல்லையா?" என்று எட்டிப் பார்த்தார். அதே வாரத்தில் கோழிக்கடைக்காரி ஒன்று சொன்னாள். "உன் தங்கச்சி என்னமா எளசாயிட்டா! நீதான் கொஞ்சம் காஞ்சு போயிட்ட, கும்-ஹி." கும்-ஹி சிரித்தபடியே மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தாள்.

அதன்பிறகுதான் அக்காவுக்குத் தங்கைமேல் பாசம் பிறந்தது. தினமும் காலையில் தன் கையாலேயே சோயா பால் காய்ச்சிக் கொடுத்தாள். சர்க்கரை நோயாளிகளுக்கென்று விற்கும், சர்க்கரை இல்லாத பாகு ஒரு பாட்டில் வாங்கி வந்து அலமாரியில் வைத்தாள். மருத்துவமனையின் உணவு ஆலோசகர் பெண் தாராளமாகச் சேர்க்கலாம் என்று சொன்ன அதே பாகு.

"மருந்து முழுங்குற மாதிரி முழுங்காதடி. நாக்குக்கும் கொஞ்சம் குடு" என்று அதில் இரண்டு கரண்டி ஊற்றிக் கலக்கினாள்.

நாற்பத்துநான்கு வருடத்தில் அக்கா அவளுக்கு எதையும் இப்படிக் கலக்கிக் கொடுத்ததில்லை. மால்-சுன் கண் கலங்கக் குடித்தாள்.

குடித்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது. வேர்வை ஊற்றியது. வயிற்றை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல் இருந்தது. சந்தையின் பொதுக் கழிப்பறைக்கு ஓடினாள். அன்று மட்டுமில்லை, அதன்பிறகு அடிக்கடி.

"ஆபரேஷன் பண்ணின நாள்லருந்து இவளுக்குக் கழிப்பறைதான் வீடு" என்று கும்-ஹி வாடிக்கைக்காரர்களுக்குக் கேட்கும்படி சொன்னாள். "போம்மா போ, வழியில விட்டுடாத."

இறங்கிக்கொண்டிருந்த எடையும் அப்படியே நின்றுவிட்டது. மருத்துவமனையில் அந்த இளவயது ஆலோசகர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"திருட்டுத்தனமா இனிப்பு சாப்பிடறீங்களா?"

"இல்லீங்க."

"படபடப்பு, வேர்வை, வயித்துப்போக்கு. இது சர்க்கரை உள்ள போனா வர்றது. எல்லாரும் இல்லைன்னுதான் சொல்றாங்க. உங்க வயிறு பொய் சொல்லாது பாருங்க."

மால்-சுன் தலையைக் குனிந்துகொண்டாள். சாப்பிடவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண் அவ்வளவு உறுதியாகச் சொன்னபோது, தூக்கத்தில் எழுந்து எதையாவது தின்கிறோமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. அன்றிரவு அறையை உள்ளே பூட்டிச் சாவியை அலமாரிக்கு மேலே எறிந்தாள். பகலில் சாப்பிடும் டோஃபுவையும் பாதியாகக் குறைத்தாள். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. சோயா பாலை மட்டும் நிறுத்தவில்லை. அக்கா ஆசையாகக் கொடுப்பதல்லவா?

குளிர் தொடங்கியபோது தம்பிக்குப் பெண் பார்க்கப் பியோவின் அக்கா வருவதாகத் தகவல் வந்தது. ஒரு விலாங்கு மீன் சாப்பாட்டுக் கடையில் மூன்று பேருமாக மதியச் சாப்பாடு. கும்-ஹிதான் தங்கைக்கு முகப்பூச்சு போட்டுவிட்டாள், வெளிர் சாம்பல் நிறத்தில் புதுப் பாவாடை எடுத்துக் கொடுத்தாள்.

"வெறும் வயித்தோட போகாதடி, அங்க மயங்கி விழுந்து வச்சா?" என்று ஒரு பெரிய தம்ளர் நிறைய பாலை நீட்டினாள். அவள் குடித்து முடிக்கும்வரை எதிரே நின்று பார்த்தாள்.

கடையில் காலை மடித்துத் தரைமெத்தையில் உட்கார்ந்தார்கள். பியோ ஒரு மீன் துண்டை எடுத்து, முள் பார்த்து, அவள் தட்டில் வைத்தார். "மெதுவா சாப்பிடுங்க. நான் காத்திருக்கேன்" என்றார். அவள் சாப்ஸ்டிக்கை எடுத்தாள். காதுக்குள் இரைச்சல். முகப்பூச்சு வேர்வையில் கோடு கோடாக வழிந்தது. எழுந்திருக்கத்தான் பார்த்தாள். பாதி எழுந்த நிலையிலேயே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

பக்கத்து மேசையில் யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார்கள். பரிமாறும் பெண் ஓடிவந்து ஒரு ஏப்ரனை அவள் இடுப்பில் சுற்றிக் கட்டினாள். பியோவின் அக்கா குரலை உயர்த்தவேயில்லை.

"என் தம்பி மொதல் பொண்டாட்டிக்கு நாலு வருஷம் மலம் அள்ளிப் போட்டு மேல அனுப்பி வச்சான். இன்னொரு தடவை அவனால முடியாதும்மா. நீங்க போய் ஒடம்பைப் பாத்துக்கங்க."

மால்-சுன் பியோவைப் பார்த்தாள். அவர் தட்டிலிருந்த மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து அவர் கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு மறு வரிசை வழியாகச் சுற்றிப் போனார்.

வீடு வந்ததும் கும்-ஹி பாவாடையை இரண்டு விரலால் தூக்கிக் குப்பைப் பையில் போட்டாள். "பன்னியைக் குளிப்பாட்டிப் பட்டு கட்டினாலும் சேத்தை விடுமா?" என்றாள். அப்புறம் அதற்காகத் தானே வருந்துவதுபோல் தங்கையின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் ஒரு காலை, சோயா பயறு ஊறப்போட மால்-சுன் வழக்கத்தைவிட முன்னதாகக் கீழே வந்தாள். அடுப்படியில் விளக்கு எரிந்தது. கும்-ஹி நெத்திலிக்கு ஊற்றும் தித்திப்பு அரிசிப் பாகு டின்னைச் சாய்த்து, புனல் வைத்து, சர்க்கரை இல்லாத பாகு பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தாள். வழிந்ததை ஈரத்துணியால் துடைத்தாள், மூடியைத் திருகினாள், வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்தாள்.

முட்டைக்கோஸ் மூட்டைகளுக்குப் பின்னால் நின்ற மால்-சுன்னுக்கு முதலில் வந்தது கோபமில்லை. நான் திருடித் தின்னவில்லை என்ற நிம்மதி. அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். கோபம் பிறகு மெல்ல வந்தது. வந்தது அப்புறம் போகவில்லை.

அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அக்கா சிரிப்பாள். கடை அக்காவுடையது, மாடியறையும் அக்காவுடையது. பாலை வாங்கி, அடுப்பைப் பார்க்கணும் என்று பின்கட்டுக்குக் கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றினாள். அடுத்தமுறை மருத்துவமனைக்குப் போனபோது ஆலோசகரிடம் கேட்டாள்.

"சாப்பிடறவங்களுக்கே தெரியாம எடை ஏத்தற சாப்பாடு எதெது?"

"இதைத்தான் எல்லாரும் கேக்கணும்!" என்று அந்தப் பெண் மகிழ்ந்துபோய், பொடித்துக் கலந்த பருப்பு வகை, சோற்றில் ஊறிய எண்ணெய், சாற்றில் கரைந்த கொழுப்பு என்று விளக்கமாகச் சொல்லிக் கொடுத்தாள்.

அக்காவின் சாப்பாட்டைச் சமைப்பது தங்கைதான். எண்ணெய் மேலே மிதந்தால் தெரிந்துவிடும். அதனால் மால்-சுன் கொழுப்பு மிகுந்த பைன் கொட்டையை வெண்ணெய்போல் அரைத்து முட்டைக்கோஸ் சாற்றில் அடித்துக் கலந்தாள். அரிசியைக் களைந்து எண்ணெயில் பிசறி வைத்து வேகவைத்தாள். கலோரிகளை இப்போது அவள் அக்காவுக்காகக் கணக்குப் பார்த்தாள்.

"இன்னிக்குச் சாறு நல்லா இருக்கே, என்ன போட்ட?"

"முட்டைக்கோஸ் இனிக்கிற பருவம்க்கா."

வசந்தம் வந்தபோது கும்-ஹியின் பாவாடைக் கொக்கி மாட்டவில்லை. சோற்றை இரண்டு வாயாகக் குறைத்தாள். தங்கை சாற்றைக் கெட்டியாக்கினாள். கும்-ஹி எடை பார்க்கும் கருவிமேல் ஏறி நின்று, தன் வயிற்றைத் தானே அறைந்துகொண்டாள்.

"அப்படி என்னடி தின்னுட்டேன் நான்? சொல்லு, என்ன தின்னேன்?"

"வயசாகுதில்லக்கா. மாசாமாசம் வர்றது நின்னுட்டா எல்லாருக்கும் இப்படித்தானாம்."

உல்சானிலிருந்து வந்த புருஷன் செருப்பைக் கழற்றும்போதே, "ஓ, இந்த வீட்டுல பன்னி மாறிடுச்சா?" என்று சத்தமாகச் சிரித்தான். மால்-சுன்னும் கூடச் சிரித்தாள். அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து, அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

கோடையில் கும்-ஹி தங்கையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அதே மருத்துவமனைக்குப் போனாள். டாக்டர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்த ஒடம்புக்கெல்லாம் ஆபரேஷன் கெடையாதும்மா. வாயைக் கட்டுங்க" என்றாராம். திரும்பும் பஸ்ஸில் கும்-ஹி தங்கையின் தோளில் சாய்ந்து விசும்பினாள்.

"பொறந்ததுலருந்து வாயைத்தானடி கட்டினேன். ஒரு நாள், ஒரு நாள்கூட வயிறாரத் தின்னதில்ல."

தோளில் அந்தக் கனம் அழுந்தியபோது மால்-சுன்னின் மனம் இளகியது. அன்று வெறும் முட்டைக்கோஸைத்தான் வேகவைத்தாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் குளியலறை வாசலில் தங்கையைப் பார்த்த கும்-ஹி, அவள் கைக்கடியிலும் வயிற்றிலும் தொங்கிய தோலைச் சுட்டிக் காட்டினாள்.

"இளைச்சுட்டோம்னு நெனப்பா? காத்துப் போன பலூன் மாதிரி இருக்க. அந்தக் கருவாட்டுக்காரன் இதைப் பாத்திருந்தான்னா அன்னிக்கு அவனுக்குத்தான் வயித்தால போயிருக்கும்."

மால்-சுன் துண்டைச் சுற்றிக்கொண்டு நேரே அடுப்படிக்கு வந்து பைன் கொட்டை டப்பாவைத் திறந்தாள்.

அரைத்துக்கொண்டிருக்கும்போதே கும்-ஹி உள்ளே வந்துவிட்டாள். விழுதைப் பார்த்தாள், கொதிக்கும் சாற்றைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். விரலால் விழுதைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"எப்பருந்து?"

"நீ பாட்டிலை ரொப்பினதைப் பாத்த நாள்லருந்து."

அக்கா கத்துவாள், அடிப்பாள், மாடியறையைக் காலி செய்யச் சொல்வாள் என்று மால்-சுன் காத்திருந்தாள். கும்-ஹி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் முகத்தில் இருந்தது என்ன என்று தங்கைக்குப் புரியவில்லை.

"ஊத்து" என்றாள்.

ஊற்றினாள். கும்-ஹி கிண்ணத்தை இரு கையாலும் தூக்கி ஒரே மூச்சில் குடித்தாள். மறுபடி நீட்டினாள். சோறு கேட்டாள். விற்பனைக்கு வைத்திருந்த நெத்திலியை எடுத்து, பாகு விரலில் ஒட்ட ஒட்டத் தின்றாள். கன்னம் உப்ப, கண்ணை மூடிக்கொண்டு, உஸ்ஸென்று மூச்சுவிட்டுத் தின்றாள்.

"கடையை இனிமே நீ பாத்துக்க. முன்னாடி நின்னு நின்னு எனக்குக் கால் வலிக்குது" என்றாள் வாய் நிறைய.

அப்படித்தான் ஆயிற்று. மால்-சுன் முன்னால் நின்று விற்கிறாள், கும்-ஹி பின்கட்டில். சாறு என்றால் சாறு, வறுவல் என்றால் வறுவல், அவளே சமைத்து அவளே கிண்ணம் கிண்ணமாகத் தின்கிறாள். கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் இப்போது வித்தியாசமில்லை. தங்கையை அவள் ஒரு வார்த்தை திட்டுவதில்லை. மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் கூப்பிட்டு எதிரே உட்காரவைக்கிறாள். பன்றிக்கொழுப்பில் வதக்கிய கிம்ச்சியைச் சூடான சோற்றில் புரட்டி, வாய்க்குக் கொண்டுபோகும் முன் தங்கையின் முகத்தருகே ஒருமுறை காட்டுகிறாள்.

"வாசனை பாருடி. மோந்து பாக்கக் கலோரி கெடையாதில்ல?"

மால்-சுன் தன் கிண்ணத்திலிருக்கும் நாலு கரண்டி டோஃபுவை மென்றுகொண்டே பார்க்கிறாள். அக்காவின் வயிறு அப்படியே முழுசாக இருக்கிறது. எவ்வளவு போட்டாலும் கொள்ளும். தன்னுடையது இந்த ஜென்மத்தில் இனி நிறையப்போவதில்லை. வாயில் ஊறியதை விழுங்கிவிட்டு, எழுந்துபோய் அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடுகிறாள்.