கன்னி கேட்டது

செத்த பிறகுதான் விஷ்ணுப்ரியாவுக்கு அந்த வீட்டில் மரியாதை வந்தது. உயிரோடு இருந்தவரை 'சனியனே', 'எருமை' என்று வாய்க்கு வந்தபடி கூப்பிட்டவர்கள் இப்போது 'தாயே' என்கிறார்கள். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் யார் வந்தாலும் நாற்காலியை விட்டு அசையாத அவள் அப்பா சோமசேகரன், மகளின் தகரப் பெட்டிக்கு முன்னால் மட்டும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

நெடுங்காட்டில் அவர்கள் வகையறாவில் கல்யாணமாகாமல் ஒரு பெண் செத்துப்போனால் அவள் அந்த வீட்டுக்குக் கன்னித் தெய்வம். சாமி அறையில் அவளுக்கென்று ஒரு பெட்டி வைப்பார்கள். தை மாதத்தில் பாவாடை சட்டை, வளையல், ரிப்பன், பவுடர் டப்பா எல்லாம் புதிதாக வாங்கிப் படையல் போடுவார்கள். உடுக்கை அடித்தால் வீட்டில் இருக்கும் இன்னொரு கன்னிப் பெண்ணின் மேல் அவள் வந்து இறங்குவாள். என்ன வேண்டும் என்று கேட்பார்கள். கேட்டதைக் கொடுத்தே தீரவேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் ஒரு நல்லது நடக்காது.

விஷ்ணுப்ரியா சாகும்போது பத்தொன்பது வயது. ஆனால் தையல்காரர் பாவாடைக்கு அளவு கேட்டபோது, எட்டு வயசுப் பிள்ளைக்குத் தைக்கிற மாதிரி தைத்துவிடுங்கள் என்றார்கள். செத்துப்போன பெண்ணைக் குழந்தையாக்கிவிடுவதில் எல்லாருக்கும் ஒரு நிம்மதி இருக்கத்தான் செய்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் கன்னிதானா என்று சந்தேகப்பட்டவர்களேதான் அவளைக் கன்னித் தெய்வமாகவும் ஆக்கினார்கள். பெரியப்பா வைத்தியலிங்கம் ஒரு நாள் காரைக்கால் கடற்கரையில் அவளையும் கூடப் படிக்கும் பையன் ஒருவனையும் பார்த்தார். நேரே வீட்டுக்கு வந்து, "பொண்ணு கெட்டுப் போச்சுடா சோமு" என்றார். அப்பா அவளுடைய போனைத் தரையில் போட்டு உடைத்தார். அம்மா தையல்நாயகி மறுநாள் காலையிலேயே அவளை வெளியூரில் ஒரு கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். "பார்த்துச் சொல்லுங்க டாக்டர்" என்றாள். டாக்டரம்மாவும் பார்த்தாள். ஒன்றுமில்லை, நல்லபடியாக இருக்கிறாள் என்றாள். தையல்நாயகிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வரும் வழியில் பஸ் ஸ்டாண்டில் மகளுக்கு மல்லிகைப்பூகூட வாங்கினாள். மகள் வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மேலே டேங்க் காலியாகும்வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அந்த வாரமே வாய்க்காலில் கிடந்தாள்.

கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று வீட்டில் சொன்னார்கள். ஊரும் முகத்துக்கு நேரே அப்படியே சொல்லிவிட்டுப் போனது. அவள் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிய தங்கை இளவேனில் மட்டும் அந்த 'வழுக்கி' என்ற சொல்லை ஒரு நாளும் வாயில் எடுக்கவில்லை. கடற்கரைக்குப் போய் வந்த அன்று அக்கா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்ததும், "கையைப் பிடிச்சான்டி, எனக்குப் பிடிச்சிருந்துச்சு" என்று காதோரம் சொன்னதும் அவளுக்குத் தெரியும். அந்தச் சந்தோஷம் பெரியப்பா வந்து படியேறும்வரைதான்.

முதல் படையலில் இளவேனில் நடிக்கவில்லை. காலையிலிருந்து பட்டினி, சாம்பிராணிப் புகை, உடுக்கைச் சத்தம். இலைக்கு முன்னால் அந்தச் சின்னப் பாவாடையைப் பார்த்ததும் அடிவயிற்றிலிருந்து என்னவோ கிளம்பி வந்தது. "எனக்கு இது வேணாம்" என்று அலறினாள். அது அக்காவா, பசியா, கோபமா என்று அவளுக்கே இன்றுவரை தெரியாது. சொந்தக்காரர்கள் எல்லாம் பொத்தென்று விழுந்து கும்பிட்டார்கள்.

"என்ன வேணும் சொல்லு தாயே" என்றார் அப்பா.

"நீ உடைச்ச போனு."

அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. மறுநாளே புதுப் போன் வாங்கிப் பெட்டியில் வைத்தார். தெய்வம் போனில் யாரோடு பேசப்போகிறது? பிரசாதமாக இளவேனில் எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் நடிப்புத்தான். கன்னி கேட்டாள், இளவேனில் பாண்டியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்க வேண்டும் என்று. வீட்டுப் பெண்ணை வாசல் தாண்டி அனுப்பமாட்டேன் என்று குதித்த அப்பா, தானே பெட்டி தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். கன்னி கேட்டாள், இனி இந்த வீட்டில் யாரும் பெண் பிள்ளை மேல் கை வைக்கக்கூடாது என்று. யாரும் வைக்கவில்லை. ஒரு தடவை ஆசையாக இருந்ததால் சிக்கன் ரைஸ் கேட்டாள். சைவப் படையலுக்குப் பக்கத்தில் கடைப் பார்சலைப் பிரிக்கவும் முடியாமல் பிரிக்காமல் விடவும் முடியாமல் பெரியம்மா தவித்ததைப் பார்த்துச் சிரிப்பை அடக்கத்தான் கண்ணை உருட்டி நாக்கைத் துருத்தினாள். அதற்கும் விழுந்து கும்பிட்டார்கள். அதே பெரியம்மா இன்னொரு படையலுக்கு முன்னால் அவளைத் தனியாக ஓரங்கட்டி, "தூரமில்லையே? அப்படியிருந்தா கன்னி வரமாட்டாடி" என்று கேட்டாள். அன்றைக்கு அவளுக்கு இரண்டாம் நாள். இல்லை பெரியம்மா என்றாள். கன்னி ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் வந்தாள்.

ஊரில் நவநீதன் என்று ஒருவன், பஸ் ஸ்டாப்வரை பைக்கை உருட்டிக்கொண்டே பின்னால் வருவான். ஒரு நாள் இளவேனில் நின்றாள். பின்னலை அவிழ்த்து விட்டாள். தலையைச் சாய்த்து, மெதுவாக, "எனக்கு அங்க துணைக்கு ஆளில்ல நவநீதா. வாய்க்காலுக்கு வர்றியா?" என்றாள். அவன் பைக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். காய்ச்சலில் படுத்தவன் எழுந்திருக்க ஒரு வாரமாயிற்று. அவன் அம்மா எலுமிச்சம்பழமும் வளையலும் கொண்டுவந்து பெட்டியின் முன் வைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். அன்று பாண்டி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இளவேனில் தனியாகச் சிரித்துக்கொண்டே போனாள். சிதம்பரம் தாண்டும்போது சிரிப்பு அழுகையாகிவிட்டது. தான் ரோட்டில் தலை நிமிர்ந்து நடக்க அக்கா சாக வேண்டியிருந்ததே என்று துக்கம் தாங்கவில்லை.

எல்லாம் கேட்ட கன்னி ஒன்றை மட்டும் கேட்கவில்லை. நான் வழுக்கி விழவில்லை என்பதை உங்கள் வாயால் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. இளவேனில் அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். நடிப்பென்று தெரிந்துவிட்டால் படிப்பு போகும், ஹாஸ்டல் போகும், அடுத்த முகூர்த்தத்திலேயே எவன் தலையிலாவது கட்டிவிடுவார்கள். அந்தப் பயம் அவள் நாக்கைப் பிடித்து வைத்திருந்தது. இந்த வருஷம் அவளுக்கும் பத்தொன்பது வயது ஆயிற்று. அக்காவின் வயசு. இனியும் சும்மா இருந்தால் அக்காவுக்குப் பெரியவளாகிவிடுவோம் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

வசதியாகப் பெரியப்பாவே வந்து மாட்டினார். அவர் மகன் கல்யாணம் பத்திரிகை அடித்தபின் தள்ளிப் போயிற்று. பெண் வீட்டில் சாவு. அடுத்த தேதி குறித்த கையோடு பெரியப்பா ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டார். உங்கள் குடும்பத்துக் கன்னி உத்தரவு தரவில்லை என்று உடுக்கைக்காரர் சொல்லிவிட்டார். மாவுக்கட்டுப் போட்ட கையோடு பெரியப்பா வந்து, "ஒரு படையலைப் போட்டு உத்தரவு வாங்கிடலாம் சோமு" என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் இளவேனில் அடுப்படியில் வடைக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தையல்நாயகி எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடியே, "இந்தத் தடவ நானும் அவகிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

"என்னம்மா?"

"அத அவகிட்டதான் கேக்கணும்."

விளக்கு வைக்கிற நேரத்துக்கு உடுக்கை தொடங்கியது. இளவேனில் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து ஆடினாள், முடியை விரித்தாள், கண்ணை மேலே செருகினாள். பழகிப் போன வேலை. பெரியப்பா கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் கும்பிட்டு விழுந்தார்.

"கல்யாணத்துக்கு உத்தரவு குடு தாயே."

"பீச்சுல என்ன பாத்தே? சொல்லு."

உடுக்கை தடுமாறியது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"ஐஸ்கிரீம் சாப்புட்டுக்கிட்டு இருந்தத பாத்தேன் தாயே."

"வேற?"

"வேற ஒண்ணும் பாக்கல."

"வீட்டுல வந்து என்ன சொன்னே?"

பெரியப்பா சுற்றிலும் பார்த்தார். பெரியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். உத்தரவு வேண்டும், மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. "கெட்டுப் போச்சுன்னு சொன்னேன்" என்றார், யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல. எல்லாருக்கும் கேட்டது.

"நான் கெட்டுப் போகல. அவன் கையைப் பிடிச்சான். எனக்குப் பிடிச்சிருந்துச்சு" என்றாள் கன்னி.

ஒரு கன்னித் தெய்வம் இப்படிப் பேசி அவர்கள் யாரும் கேட்டதில்லை. உடுக்கைக்காரர் பாதி திறந்த வாயோடு நின்றார். இளவேனிலுக்கு இன்னும் ஒரு கேள்விதான் பாக்கி. வாய்க்காலில் வழுக்கித்தான் விழுந்தேனா என்று அப்பாவைக் கேட்க வேண்டும். கேட்க வாயெடுத்தாள்.

அதற்குள் தையல்நாயகி எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். விழுந்து கும்பிடவில்லை. எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீ வழுக்கி விழல. நான்தான் உன்னக் கொன்னேன்" என்றாள். "கிளினிக் வாசல்ல என் முந்தானைய பிடிச்சுக்கிட்டு, வேணாம்மா, நான் சத்தியமா ஒண்ணும் பண்ணலம்மான்னு அழுதியே. உன் கைய உதறிட்டு உள்ள தள்ளினேன். வெளிய வந்து பூ வேற வாங்கிக் குடுத்தேன். என்ன மன்னிச்சிட்டியா?"

"தையலு, எந்திரிச்சு வா" என்று அப்பா அதட்டினார். அவள் காதில் வாங்கவில்லை.

இத்தனை நாள் இளவேனில் எதைக் கேட்க நினைத்தாளோ அது கேட்காமலே கிடைத்துவிட்டது. ஆனால் அதற்கு விலையாக ஒரு சொல் கேட்டுக்கொண்டு அம்மா எதிரே உட்கார்ந்திருந்தாள். மன்னிச்சிட்டேன் என்று சொன்னால் போதும். போன், ஹாஸ்டல், சிக்கன் ரைஸ் எல்லாம் கேட்ட வாய்க்கு அது பெரிய வேலையா? அவளுக்கும் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் மன்னிப்பு அக்காவுடையது. அக்கா பெயரைச் சொல்லி எதை எதையோ வாங்கித் தின்றாயிற்று, இதையும் எடுத்துக் கொடுத்துவிட்டால் அக்காவுக்கென்று உலகத்தில் ஒன்றும் மிஞ்சாது.

"அம்மா" என்றாள், தன்னுடைய சொந்தக் குரலில். "நான் இளவேனில்ம்மா."

உடுக்கைக்காரர் கெட்டிக்காரர். ஒரு பிடி விபூதியை அள்ளி அவள் முகத்தில் அடித்து, "மலையேறிட்டா, மலையேறிட்டா" என்றார். கூட்டம் மூச்சு விட்டது. வெளியே செருப்பைத் தேடும்போது பெரியப்பா, "உத்தரவு குடுத்தாளா, இல்லியாய்யா?" என்று அவரைக் கேட்பது உள்ளே கேட்டது. "அதான் ஒண்ணும் சொல்லலியே, நடத்துங்க" என்றார் அவர். அப்பா யார் முகத்தையும் பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போய்விட்டார்.

இளவேனில் அடுப்படிக்கு வந்தாள். தையல்நாயகி படையல் சோற்றை ஒரே பாத்திரத்தில் கொட்டிப் பிசைந்துகொண்டிருந்தாள். இனி மறைக்க ஒன்றுமில்லை என்று இளவேனிலுக்குத் தோன்றியது.

"எல்லாமே நான்தாம்மா. அக்கா ஒரு தடவகூட வரல."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"போனு கேட்டியே, அப்பவே." தையல்நாயகி சோற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. "அவ என்கிட்ட எதையும் கேட்டதே இல்ல. கேட்டா அடி விழும்னு தெரியும் அவளுக்கு. வாயத் தொறந்து அவ கேட்டது அந்தக் கிளினிக் வாசல்ல மட்டும்தான்."

"அப்பறம் ஏம்மா நான் கேட்டதெல்லாம் குடுக்க விட்டே? அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாம்ல."

"நீயாச்சும் கேட்டுப் பழகணும்னுதான்."

முகத்தில் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த விபூதியை இளவேனில் புறங்கையால் துடைத்தாள்.

"நான்தான்னு தெரிஞ்சும் இன்னைக்கு ஏன் என்கிட்ட மன்னிப்புக் கேட்டே?"

தையல்நாயகி ஒரு உருண்டைச் சோற்றை உருட்டி மகளின் கையில் வைத்தாள்.

"வேற யாருகிட்டடி போய்க் கேப்பேன்?" என்றாள்.