அத்தை மடியும் மாவுப்பையும்

பிரசவ மருத்துவமனையின் வாசலில் போர் மூண்டிருந்தது. பிறந்து மூன்றே நாளான பெண்குழந்தை காரில் எப்படி வீடு போவது என்பதே வழக்கு. தகப்பனார் ரொட்டிக்கடைக்காரர், சட்டம் சொன்னவாறே பின்னிருக்கையில் குழந்தைக்கான சீட்டைப் பூட்டி வைத்திருந்தார். ஆனால் அவருடைய அக்கா, குழந்தையின் அத்தை, விடுவாரா? பளுதூக்கும் பயிற்சியாளர்! இரும்பையே தலைக்கு மேல் நிறுத்திய புயங்கள்!

“பச்ச மண்ணுடா! அதைப் போய்ப் பார்சல் மாதிரி கட்டிக் கொண்டுபோறதா? என் மடி எதுக்கு இருக்கு?”

“அக்கா, சட்டம்…”

“உன்னையே நான் மடியில வெச்சுத்தான்டா வளர்த்தேன். அப்ப எந்தச் சட்டம் வந்துச்சு?”

சக்கர நாற்காலியில் குழந்தையோடு இருந்த தாய் வாய் திறந்தாள். “அண்ணி, சீட்டுல வெச்சாத்தான் எம்பொண்ணு வண்டி ஏறுவா. இல்லன்னா நாங்க இங்கேயே இருந்துக்கறோம்.”

“தாராளமா இருங்க, கட்டில் காலிதான்” என்று செவிலியர் வேறு எண்ணெய் வார்த்தார்.

“சரி அண்ணி, டிக்கியில மாவுப்பை இருக்கு. இவ எடைதான் இருக்கும். அதை மடியில வெச்சுக்கிட்டு இங்கேயே ஒரு சுத்து வாங்க. நழுவலைன்னா அப்புறம் பேசலாம்” என்றாள் தாய்.

“பேச்சே கிடையாது, மடிதான்!”

“பெல்ட்டாவது போடுங்க.”

“பளு தூக்கறப்ப இடுப்புல கட்டுவேனே, எனக்கு அந்த பெல்ட் போதும்!”

ஆளில்லாத வாகன நிறுத்தத்தில் கார் ஆமையாய் ஊர்ந்து, பிறகு வேகம் பிடித்தது. பின்னிருக்கையில் அத்தை அரசியைப் போல் வீற்றிருந்தார். தாய் கையை உயர்த்தினாள். தம்பி பிரேக்கை மிதித்தார்.

அந்த நொடியில் அந்தப் புயங்கள் மாவுப்பையை அணைத்தனவா? இல்லை! யாரையும் கேளாமல் முன்னிருக்கையைக் கட்டிப்பிடித்தன. பை முன்னே பாய்ந்தது, கியரில் மோதியது, வெடித்தது!

கதவுகள் திறந்து இரண்டு வெண்சிலைகள் இறங்கின. மீசையும் மாவு, இமையும் மாவு. செவிலியர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, தையல் பிரிஞ்சிடும்!” என்று கெஞ்சிக்கொண்டே தாயும் சிரித்தாள்.

அத்தை மட்டும் தம் உள்ளங்கைகளையே பார்த்தார். “நான் விடலைம்மா. கை தானா போயிடுச்சு.”

அதற்குமேல் அவர் வாதாடவில்லை. வண்டி முழுவதையும் துடைத்தார், தம் முகத்தை மட்டும் மறந்தார். குழந்தையைச் சீட்டில் கிடத்தி, வார்களைத் தாமே பூட்டி, “தளர்வா இருக்கா பாருங்க” என்று செவிலியரைப் பலமுறை கேட்டார். பிறகு பக்கத்தில் அமர்ந்து தம் பெல்ட்டையும் மாட்டினார். கார் கிளம்பியது. குழந்தை உறங்கியது.

முதல் சிக்னலில் பக்கத்துக் காரின் முன்னிருக்கையில் ஒரு கனவான், மடியில் மகனோடு. அத்தை கண்ணாடியை இறக்கினார்.

“ஏங்க! அது மடியா, சறுக்குமரமா? பின்னாடி சீட்டுல வெச்சு பெல்ட் மாட்டுங்க!”

மாவுமுகம் கண்டு கனவான் வெலவெலத்துப் போனார். பச்சை விளக்கு எரிந்தது. ஹாரன்கள் அலறின.

“அக்கா, போகலாமா?”

“அவர் மாட்டட்டும்டா!”

பையன் பின்னிருக்கைக்குத் தாவி, அவனுடைய பெல்ட் ‘க்ளிக்’ என்று பூட்டும்வரை அத்தை தம்பியை நகரவிடவில்லை.