முன் இடது சக்கரம்

2024 அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை காலை, மைசூருவுக்குத் தென்கிழக்கே வருணா கால்வாயை ஒட்டிய மண்பாதையில், நீலக்கொடி அணியின் ராலி காரிலிருந்து முன் இடது சக்கரம் கழன்று உருண்டுபோய்க் கேழ்வரகு வயலில் விழுந்தது. காருக்குள் இருந்த இருவருக்கும் காயமில்லை. ஐந்து வாரம் கழித்து, நவம்பர் 18 அன்று, அந்தக் காரை ஓட்டிய வினிதா அணியை விட்டு விலகுவதாக அறிவித்தார்.

காரில் இருந்த இன்னொருவன் மாதப்பன். அந்த அறிவிப்பை அவன் தான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக் கேன்டீனில், மற்றவர்களைப் போலவே போனில்தான் பார்த்தான்.

ஆறு வருஷமாக அவன் வினிதாவின் நேவிகேட்டர். அவள் வலது இருக்கையில் அமர்ந்து ஓட்டுவாள். இவன் இடது இருக்கையில் மடியில் குறிப்போடு அமர்ந்து, வரப்போகிற வளைவுகளை முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வருவான். மற்ற நேவிகேட்டர்கள் இங்கிலீஷில் சொல்வார்கள். இவர்கள் இருவரும் தமிழ் பேசும் ஹனூர்ப் பக்கத்துக்காரர்கள் என்பதால் வீட்டுப் பேச்சே போதுமாயிருந்தது: பக்கம், வளைவின் கூர்மைக்கு ஒரு எண், நேர்ப்பாதைக்கு மீட்டர். "சோத்தாங்கை நாலு, நேரா நூறு, நொட்டாங்கை ரெண்டு, உள்ள வெட்டாத." முதல் வருஷம் இதைக் கேட்டுச் சிரித்தவர்கள், அவள் மூன்று முறை தேசிய சாம்பியன் ஆனதும் சிரிப்பதை விட்டுவிட்டார்கள்.

அவள் போவது கபிலா என்ற அணிக்கு. ஆரம்பித்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. இதுவரை பரிசு மேடை ஏறியதில்லை.

"ஏன் குரு, உங்க மேடம் ஏன் போயிட்டாங்க?" என்று எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கேட்டான்.

"தெரியலப்பா."

"உனக்கே தெரியலயா? பக்கத்துல ஒக்காந்திருந்தது நீதானே!"

கேன்டீனில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கல்யாணம் என்றான் ஒருவன். ஜாதகம் என்றான் இன்னொருவன். சம்பளம் அங்கே குறைவுதான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் அந்தக் காரணம் மட்டும் எடுபடவில்லை. மாதப்பன் மோர் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அவன் மனதில் இருந்த கேள்வி வேறு. அவள் அணியை விட்டுப் போயிருக்கிறாளா, தன்னை விட்டுப் போயிருக்கிறாளா?

சாயங்காலம் அணி மேலாளர் முரளிதரன் போன் செய்தார். சரஸ்வதிபுரத்துக்காரர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பவர்.

"மாதப்பா, நீ ஒண்ணும் யோசிக்காதே. கோயம்புத்தூர்லருந்து ஒரு பையன் வர்றான், கவின்ராஜ்னு. இருபத்திரண்டு வயசு, பயங்கர வேகம். உன் சீட் உனக்குத்தான். சனிக்கிழமைக்குள்ள வந்து கையெழுத்துப் போட்டுடு, ஆயித்தா?"

"வினிதா ஏன் போனாங்க சார்?"



"சும்னே போயிட்டாங்க. சாம்பியன்னா அப்படித்தான், திமிர். சனிக்கிழமை மறக்காதே."

மாதப்பனுக்கு அந்தப் பதில் போதவில்லை. வினிதாவிடம் அவன் பல விஷயங்களைப் பார்த்திருக்கிறான். திமிரைப் பார்த்ததில்லை.

புதன்கிழமை ஷிப்ட் முடிந்ததும் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் இருந்த நீலக்கொடி ஷெட்டுக்குப் போனான். தலைமை மெக்கானிக் சித்தையன் காரின் அடியிலிருந்து வெளியே வந்தார். கோபிநத்தத்துக்காரர், மாதப்பனைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு மாதத்தில் பாதியாக இளைத்திருந்தார்.

"வா மாப்ள. விசாரணைக்கு வந்தியா?"

"காபிக்கு வந்தேண்ணா."

"காபி வெளிய இருக்குது. இங்க பெயின்ட்டுதான் இருக்குது." காரின் சக்கரத்தைக் காட்டினார். நட்டுகளின் மேல் பச்சைக் கோடுகள் இருந்தன. "மஞ்சள நிறுத்தியாச்சு. இனிமேப் பச்சைதான். பச்சையில யாரும் பூசை பண்ண மாட்டாங்கன்னு மேலாளர் உத்தரவு."

மாதப்பன் சிரித்துவிட்டான். சித்தையன் சிரிக்கவில்லை.

நடந்தது அணியில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சக்கரத்தின் நட்டுகளை ஸ்பானரால் முறுக்கி முடித்ததும், நட்டின் மேலும் ரிம்மின் மேலும் சேர்த்து ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு இழுப்பது வழக்கம். கோட்டைப் பார்த்தாலே முறுக்கியாயிற்று என்று அர்த்தம். ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலேயே ஸ்பானர்களையெல்லாம் கழுவித் துடைத்து, பலகையில் அடுக்கிப் பூ வைத்துவிட்டார்கள். பலகைக்குப் போன கருவியை மறுநாள் வரை எடுப்பதில்லை. அதற்கப்புறம்தான் முரளிதரன் போட்டோவுக்காகப் புது வெள்ளை ரிம்களைக் கொண்டுவந்து இறக்கினார். பூஜையில் இருக்கிற ஸ்பானரைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை. வண்டி நிற்கத்தானே போகிறது என்று நட்டுகளைக் கையாலேயே திருகி வைத்தார்கள். பிறகு பூஜைக்கு வந்தவர்கள் குங்குமம், சந்தனம் என்று வைத்தார்கள். யாரோ மஞ்சளைக் குழைத்து ஒவ்வொரு நட்டின் மேலும் விரலால் ஒரு இழுப்பு இழுத்தார்கள். சித்தையன் விஜயதசமிக்கு ஊருக்குப் போய்விட்டார். ஞாயிறு விடியலில் வண்டியை லாரியில் ஏற்றிய உதவி மெக்கானிக் குமார், மஞ்சள் கோடு இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது.

"என்னாலதான் மாப்ள அந்தப் புள்ள போயிருச்சு" என்றார் சித்தையன். "ஊருக்குப் போறதுக்கு முந்தி குமாருகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணும்."

"அவ சொன்னாளா அப்படி?"

"சொன்னாத் தேவலையே! மறுநாத் திங்கக்கெழம இங்க வந்துச்சு. வையும்னு நெனச்சேன். வையல. 'ஸ்பானரக் குடுங்கண்ணா'ன்னு வாங்கி, கீழ குந்தி, நாலு நட்டத் தானே முறுக்குச்சு. அஞ்சாவது நட்டுக்குப் போகும்போது மேலாளர் வந்துட்டாரு. 'மேடம், இது உங்க வேலை இல்ல, எந்திரிங்க'ன்னாரு. எந்திரிச்சுப் போயிருச்சு. அவ்வளவுதான்."

"ஒண்ணும் பேசலயா?"

"ஒரு வார்த்தை பேசல. ஸ்பானர மட்டும் என் கையில குடுத்துட்டுப் போச்சு. கீழ போட்டுட்டுப் போகல பாரு."

மாதப்பன் இதை யோசித்துக்கொண்டே பைக்கை ஓட்டினான். மெக்கானிக் மேல் கோபம் என்றால் எதற்கு ஸ்பானரை வாங்கி அவளே முறுக்க வேண்டும்?

வீட்டில் அவன் மனைவி மீனா காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஏனுங்க, ஊரெல்லாம் போய்க் கேக்கறீங்க. அந்தப் புள்ளைகிட்டக் கேட்டீங்களா?" என்றாள்.

"அவளே கூப்பிடல. நான் எப்படிக் கேக்கறது?"

"ஆறு வருசமா காட்டுலயும் மேட்டுலயும் அந்தப் புள்ளைக்கு வழி சொன்ன ஆளு. நஞ்சன்கூடு ரோட்டுல இருக்கற அந்தப் புது அணிக்குப் போக வழி தெரியலயாக்கும்?"

"இல்ல மீனா. அவ நான் வேண்டாம்னு நெனச்சிருந்தா?"

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லப் போகுது. கேட்டுட்டு வந்து கோயம்புத்தூர்ப் பையனுக்கு வழி சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு போட்டான்.

கபிலா அணி நஞ்சன்கூடு சாலையில் மூடிக்கிடந்த ஒரு அரிசி மில்லை வாடகைக்கு எடுத்திருந்தது. தவிட்டு வாசனை இன்னும் போகவில்லை. உள்ளே ஒரே ஒரு கார், ஸ்டாண்டின் மேல் நின்றது. அதன் பக்கத்தில் வினிதா தரையில் உட்கார்ந்து, கிரீஸ் கையோடு டிபன் பாக்ஸ் மூடியைப் பல்லால் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவனைப் பார்த்ததும் மூடியை வாயிலிருந்து எடுத்தாள்.

"அப்பாடா. வந்துட்டீங்களா?"

"என்ன அப்பாடா? ஒரு போன் பண்ண முடியல?"

"பண்ணக்கூடாதுண்ணா. ஒரு வருசத்துக்கு அங்க இருக்கற ஒருத்தரையும் நானாக் கூப்பிடக்கூடாதுன்னு வெலகும்போது கையெழுத்து போட்டுருக்கேன். கேஸ் போடுவாங்க. நீங்களா வந்து நின்னா அது வேற." டிபன் பாக்ஸை நீட்டினாள். "தெறந்து குடுங்க. தினமும் வாசலைப் பாத்துப் பாத்துக் கழுத்து வலிக்குது."

மாதப்பன் திறந்து கொடுத்தான். உள்ளே எலுமிச்சை சாதம்.  வந்த விஷயம் பாக்கி இருந்தது.

"ஏன் வினிதா போன? சித்தண்ணன் தன்னாலதான்னு சோறு திங்காமக் கெடக்கறாரு."

"அவருமேல எனக்கென்ன கோபம்? யாராச்சும் போய்ச் சொல்லுங்களேன்."

"அப்புறம் என்ன?"

அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள்.

"எங்கப்பா டிராக்டர் ரிப்பேர்க் கடை வச்சிருந்தாரே, ஹனூர்ல. உங்களுக்குத் தெரியும்ல?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி."

"அங்க ஒரு பழக்கம். சக்கரத்தக் கழட்டி மாட்டினா, கடைசி முறுக்கு எங்கப்பா போட மாட்டாரு. வண்டிக்காரர் கையில ஸ்பானரக் குடுப்பாரு. ஓட்டற ஆளு தொட்டுப் பாக்காத வண்டி கடையை விட்டுப் போகாது. நானும் அப்படித்தான் இருந்தேன். மொதல் நாலு வருசம் ஸ்டார்ட்டுக்கு முந்தி ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பாப்பேன், ஞாபகம் இருக்கா?"

"சித்தண்ணன் திட்டுவாரு. 'என்மேல நம்பிக்கை இல்லயா'ம்பாரு."

"திட்டிட்டு ஸ்பானரக் குடுப்பாரு. ரெண்டு வருசத்துக்கு முந்தி முரளி சார் நிறுத்திட்டாரு. அந்த நேரத்துல கேமராவுக்குப் பேசணும், வண்டிகிட்டப் போகக்கூடாதுன்னாரு. நானும் பழகிட்டேன்."

"சரி."

"அந்த ஞாயித்துக்கெழம வண்டியில ஏறும்போது நீங்க என்ன பண்ணீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

மாதப்பன் யோசித்தான். தினமும் செய்வதைத்தான் செய்தான். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தான். அதற்கு முன்...

"உங்க பக்கத்துச் சக்கரத்துல இருந்த மஞ்சளத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டீங்க" என்றாள் வினிதா.

அவன் கை தன்னையறியாமல் கண்ணருகே போய் நின்றது.

"பெயின்ட்ட யாராச்சும் கண்ணுல ஒத்திக்குவாங்களா? அந்த நிமிசமே எனக்குத் தெரிஞ்சு போச்சு, அது பெயின்ட் இல்லன்னு. பூசை மஞ்சள்னு. அப்ப பெயின்ட் எங்கன்னு குமார்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். கேக்கல. நம்ம வேலை இல்லன்னு ஏறி ஒக்காந்து பெல்ட்டப் போட்டுட்டேன். கழண்டது உங்க பக்கத்துச் சக்கரம்ணா."

மில்லின் தகரக் கூரையில் புறாக்கள் நடந்தன.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலயே" என்றான் மாதப்பன்.

"ஆகல. மறுநாள் ஷெட்டுலருந்து எந்திரிச்சுப் போய் சார்கிட்டத் தனியா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். ஸ்டார்ட்டுக்கு முந்தி வண்டியத் தொட விடுங்கன்னு. ஸ்டியரிங் உங்க வேலை, நட்டு அவங்க வேலைன்னாரு. ஒரு மாசம் திருப்பித் திருப்பிக் கேட்டேன். அங்கயே இருந்தா நான் ஜெயிப்பேன்தான். ஆனா பாத்தும் கேக்காத ஆளாவே ஆயிடுவேன். இங்க கேட்டேன். 'நீங்களே முறுக்கிக்கங்க, எங்களுக்கு ஆள் மிச்சம்'னாங்க."

மாதப்பன் காரைச் சுற்றி வந்தான். பம்பரில் பழைய ஒட்டு. கதவு நிறம் ஒன்று, பானெட் நிறம் ஒன்று.

"இது ஜெயிக்குமா?"

"இந்த வருசம் ஜெயிக்காது."

"அடுத்த வருசம்?"

"தெரியாது. அதனாலதான் உங்களுக்கு நான் எதுவும் சொல்ல முடியாது. அங்க கவின்ராஜ் நல்லா ஓட்டறான். நானே பாத்திருக்கேன். நீங்க அங்க இருந்தா மேடை உண்டு."

"இந்த சீட்டு?"

"காலியாத்தான் இருக்கு. ரெண்டு பேரு வந்து பாத்தாங்க. ஒருத்தன் லெஃப்ட் த்ரீங்கறான். எனக்கு அது மண்டையில ஏறி, அப்புறம் கைக்கு எறங்கறதுக்குள்ள வளைவே போயிடுது."

மாதப்பன் முன் இடது சக்கரத்தின் பக்கத்தில் குந்தினான். நட்டுகளின் மேல் எந்த நிறத்திலும் கோடு இல்லை. ஒன்றைத் தொட்டான். தளர்வாக இருந்தது.

"இது இன்னும் முறுக்கல" என்றான்.

"சாப்பிட்டுட்டு முறுக்கலாம்னு இருந்தேன்."

"என் பக்கம்தானே? ஸ்பானர் எங்க?"

சனிக்கிழமை காலை அவன் முரளிதரனுக்குப் போன் செய்து கையெழுத்துப் போட வரவில்லை என்று சொன்னான். அவர் காரணம் கேட்டார். நட்டு முறுக்க வேண்டியிருக்கிறது என்றான். அவர் போனை வைத்துவிட்டார். அன்று மதியம் அவன் ஹெப்பாளுக்குப் போய், வினிதா சொன்னதைச் சித்தையனிடம் சொன்னான். அவர் கேட்டுவிட்டு, "நீ மஞ்சளக் கண்ணுல ஒத்திக்கிட்டியாக்கும்!" என்று மட்டும் சொன்னார். பிறகு இருவரும் வெளியே போய்ச் சாப்பிட்டார்கள்.

அடுத்த சீசனின் முதல் ராலி 2025 மார்ச்சில் நடந்தது. நீலக்கொடி அணியின் கவின்ராஜ் முதலாவதாக வந்தான். கபிலா அணியின் வினிதாவும் மாதப்பனும் ஏழாவதாக வந்தார்கள்.