கறுப்புக் காயினில் எண்ணெய்

...மறுபடியும் சரிந்துவிட்டது, சரிவதற்கு ஒரு காரணத்தையும் மிச்சம் வைக்கவில்லையே என்று மாரீஸ்வரன் தன் முன்னால் சிதறிக் கிடந்த காயின்களைப் பார்த்தான், போக்கர் விளையாடுகிற இந்த வட்டமான பிளாஸ்டிக் காயின்கள் புதிதாக இருக்கும்போது வழுக்கும், அது எல்லோருக்கும் தெரியும், ஏன் வழுக்கும் என்றுதான் யாரும் யோசிப்பதில்லை, இட்லி ஒட்டாமல் வருவதற்குத் தட்டில் எண்ணெய் தடவுகிற மாதிரி அச்சுக்குள்ளும் எதையோ தடவித்தான் வார்ப்பார்கள், அந்த வழவழப்பு காயினோடு கூடவே வந்துவிடும், அதற்காகத்தான் காலையிலேயே வெந்நீரில் பாத்திர சோப்பைக் கரைத்து, பழைய பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்து, முறத்தில் பரப்பி வெயிலில் காயவைத்தான், கண்ணாடி மேசையும் வழுக்கும் என்று மூணாறிலிருந்து கொண்டுவந்த கம்பளியை விரித்தான், காற்று உள்ளே வராமல் ஜன்னலைச் சாத்தினான், எண்ணெயில் பொரித்த பழம்பொரியை யாரும் கையால் தொடக்கூடாது, பல்குச்சியால் குத்தித்தான் தின்ன வேண்டும் என்று சட்டமே போட்டான்... இதற்குப் பிறகும் எதற்காகச் சரிகிறது, அதுவும் என்னுடையது மட்டும்? "ஏனுங்க மாப்ள, காயினுக்கும் உங்களுக்கும் ஆகறதில்லீங்களா?" என்றான் எதிரே உட்கார்ந்திருந்த மச்சான் பூபதிராஜா. "காத்து மாரீ, காத்து. எருத்தேன்பதிக் காத்துல தெங்கு மரமே சாயுது, காயின் சாயாதா?" என்றான் பக்கத்துத் தோட்டத்து ஜோபி, சாத்திய ஜன்னலைக் காட்டியே.

சிரிக்கட்டும், இன்றைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கட்டும், பால் சொசைட்டிக்குப் போக ஜோபி எழுந்திருக்கும்போது யாரிடம் அதிகக் காயின் இருக்கிறதோ அவர்தான் ஜெயித்தவர், கறுப்புக்குத்தான் மதிப்பு அதிகம், அந்தக் கறுப்புகள் இன்று என்னிடம்தான் உயர்ந்து நிற்கின்றன, நிற்கின்றன என்று சொல்ல முடியாது, சரிகின்றன, ஆனாலும் என்னிடம்தானே இருக்கின்றன. ரோட்டோரம் சும்மா கிடக்கும் பழைய மோட்டார் ஷெட்டைக் கேட்டபோது மச்சான் சொன்ன வார்த்தை இன்னும் காதிலேயே இருக்கிறது, "பேசறதுக்கு ஒரு எடம் வேணும், அவ்வளவுதானுங்களே? ஒரு தடவையாவது எங்களச் சீட்டுல ஜெயிச்சுக் காட்டுங்க, சாவியத் தந்தர்றேன்." தேயிலை ஃபாக்டரியில் டூரிஸ்டுகளுக்கு விளக்கம் சொல்லிப் பிழைப்பவன் வேறு எதைக் கேட்பான், தேங்காய் எப்படிக் கொப்பரையாகிறது, கொப்பரை எப்படி எண்ணெயாகிறது என்று மூணாறு போகிற வண்டிகளை நிறுத்திக் காட்ட ஓர் இடம், அவ்வளவுதான், எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் தோப்புக்காரர் வீட்டில் பெண் எடுத்துவிட்டு இதைக் கேட்பதற்கே நாக்கு எத்தனை தடவை உள்ளே போயிற்று... மச்சான் விளையாட்டாகத்தான் சொன்னான். விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதவர்கள் இந்த வீட்டில் இரண்டு பேர், அவனும் அவன் மனைவி ஜீவிதாவும்.

"மச்சான், கொஞ்சம் பொறுங்க, எதுனால சரியுதுன்னு பாத்துருவோம்," என்று ஒரு கறுப்புக் காயினை எடுத்துப் பக்கத்தில் கிடந்த பேப்பரின் ஓரத்தில் அழுத்தித் தேய்த்து, ஜன்னல் கண்ணாடியின் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான், அந்த இடம் மட்டும் கண்ணாடி போலத் தெரிந்தது, எண்ணெய் போய் அடைத்துக்கொண்டால் பேப்பருக்குள் வெளிச்சம் சிதற இடமில்லை, நேராக இந்தப் பக்கம் வந்துவிடும், எவ்வளவு எளிமையான விஷயம், மூக்கருகே கொண்டுபோனான், தேங்காயெண்ணெய், அதற்கடியில் லேசாக நேந்திரம்பழம், சந்தோஷத்தில் கத்தியேவிட்டான், "எண்ணெய்! எண்ணெய் மச்சான்! சட்டத்த மீறுனது யாரு? யாரு கையால எடுத்துத் தின்னது?" பூபதிராஜா பல்குச்சியைத் தூக்கிக் காட்டினான், ஜோபியும் தூக்கினான், "ஞான் நல்ல குட்டி ஆக்கும்." இருவரின் அடுக்குகளையும் விரலால் தள்ளிப் பார்த்தான், சொரசொரவென்று நின்றன, தன் சிவப்பைத் தள்ளினான், நின்றது, நீலமும் நின்றது, கறுப்பு மட்டும் சொல்லிவைத்தாற்போலச் சரிந்தது... கறுப்பை மட்டும் எண்ணெய்க் கையால் தொட்டது யார், நான் தொடவில்லை, இவர்கள் தொடவில்லை, விளையாட்டில் சேராத காயின்கள் பெட்டியோடு அடுப்படி வாசல் ஸ்டூலில் இருக்கின்றன, இந்த வீட்டில் பல்குச்சிச் சட்டம் செல்லாத கை ஒன்றே ஒன்றுதான், பழம்பொரி பொரிக்கிற கை.

தட்டை வைக்க வந்தபோது ஜீவிதா இடது பக்கமாகக் குனிந்தாள், தோளில் ஒரு கை, இன்னொரு கை எங்கே இருந்தது, என் கறுப்பு அடுக்கின் மேலா? அவன் பார்க்கவில்லை, அப்போது ஜோபிக்குக் கம்பளியில் ஏன் காயின் வழுக்காது என்று விளக்கிக்கொண்டிருந்தான். காதுமடல் சுட்டது. ஏமாற்றினாள் என்பதல்ல, அது பெரிய விஷயமில்லை, என்னால் முடியாது என்று அடுப்படியில் நின்றே முடிவு செய்துவிட்டாளே, எத்தனையாவது ஆட்டத்தில்... இல்லை, ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்திருப்பாளோ? பங்குனியில் கிணற்று மோட்டார் தண்ணீர் எடுக்காதபோது குழாயின் அடியிலிருக்கும் ஃபுட் வால்வைக் கழற்றி மாட்டி, உள்ளே இருக்கும் தோல் எப்படித் தண்ணீரைத் தாங்கி நிறுத்துகிறது என்று எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னானே, மறுநாள் காலை தண்ணீர் வந்ததே, முந்தின சாயங்காலம் அவள் மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்று போனில், "மோட்டாரப் பாக்கக் காலையில சீக்கிரமா வந்துருங்க, அவருக்குத் தெரிய வேண்டாமுங்க," என்று யாரிடமோ சொன்னதைக் கேட்டும் கேட்காமல் இருந்தானே. ஃபாக்டரியின் பெயரில் நெட்டில் வந்த அந்த ஐந்து நட்சத்திரப் பாராட்டு, எர்ணாகுளத்திலிருந்து யாரோ பின்சி, "கைடு ரொம்ப நல்லா வெளக்குனாருங்க," எர்ணாகுளத்தில் யார் இப்படிக் கொங்குத் தமிழில் எழுதுவார்கள், மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினேனே, மேனேஜர் படித்துவிட்டு ஏன் ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தார்...

"என்னங்க மாப்ள, யாருன்னு கண்டுபுடிச்சீங்களா?" பூபதிராஜா கேட்டான். அடுப்படியில் எண்ணெய் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது, கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. "நாந்தான் மச்சான்," என்றான் மாரீஸ்வரன், "கறுப்ப மட்டும் கடைசில கழுவுனேன், தண்ணி ஆறிப்போச்சு, ஆறுன தண்ணில அந்த அச்சு எண்ணெய் சரியாப் போகாது." பொய்யான விளக்கம் ஒன்றைப் பொய் என்று தெரிந்தே சொன்னது அவன் வாழ்க்கையில் இதுதான் முதல் முறை, எவ்வளவு சுலபமாக வந்தது, உண்மையான விளக்கத்தைப் போலவே முழுசாக இருந்தது. கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்கும் மச்சான் இப்போது மட்டும் அக்கறையாகத் தலையாட்டினான், "ஓ, அப்படிங்களா. அதானே பாத்தேன்." பேப்பரைக் காட்டச் சொல்லவில்லை, மோந்து பார்க்கவுமில்லை. கரண்டி மறுபடி ஓடத் தொடங்கியது.

"கடைசி ஆட்டம் கேட்டோ, லேட்டானா சொசைட்டியில என்ட பால எடுக்க மாட்டான்," என்று ஜோபி சீட்டுப் போட்டான். மாரீஸ்வரனுக்கு வந்தது இரண்டும் ஏழும், நிறமும் வேறு வேறு, மேசையில் விரித்த சீட்டுகளில் ஒன்றுகூட இவற்றோடு சேரவில்லை, இதைவிட மோசமான கையைக் கேட்டு வாங்க முடியாது, நல்லது, இதுதான் வேண்டும், தோற்றுவிடலாம், கறுப்பெல்லாம் போகட்டும், ஷெட்டும் போகட்டும், என் தோல்வியாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று சரிந்து கிடந்த அத்தனையையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினான். "எல்லாத்தையும் வச்சுட்டேன்." ஜோபி உடனே சீட்டைக் கவிழ்த்துவிட்டான். பூபதிராஜா தன் சீட்டைத் தூக்கிப் பார்த்தான், கீழே வைத்தான், அடுப்படி வாசலைப் பார்த்தான், மறுபடி சீட்டைத் தூக்கிப் பார்த்தான். "நம்மால ஆகாதுங்க," என்று அவனும் கவிழ்த்தான். "ஜீவீ, அந்த ஷெட்டுச் சாவிய எடுத்துட்டு வா. உன்ற ஊட்டுக்காரர் ஜெயிச்சுட்டாரு." ஜோபி சீட்டுகளை வாரும்போது மச்சானுடையது இரண்டும் புரண்டு விழுந்தன, ராஜா, இன்னொரு ராஜா. ஜோபி சட்டென்று உள்ளங்கையால் மூடிக்கொண்டு, பால் கேனை எங்கே வைத்தோம் என்று தேடுவது போல எழுந்தான். "மச்சான், உங்க கையில என்ன இருந்துச்சு?" "அட, குப்பைங்க. அத எதுக்குக் கேட்டுட்டு."

இங்கே தோற்பதற்குக்கூட என்னை விடமாட்டார்கள் போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தபோது ஜீவிதா வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு, "நிசமாவாங்க? ஜெயிச்சுட்டீங்களா?" என்று சாவியை உள்ளங்கையில் வைத்தாள், அதில் எண்ணெய் இல்லை, ஈரம் இருந்தது, சோப்பு வாசனை வந்தது, வாணலி இன்னும் அடுப்பில் இருக்கிறது, அரை மாவு பாக்கி இருக்கிறது, பொரிக்கிற பாதியில் யார் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார்கள், இதைக் கவனிக்காமல் இருக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், ஆனால் முடியவில்லை, அவன் கண் அப்படித்தான் பழகிவிட்டது. "ஷெட்டுல என்னங்க மொதல்ல வெக்கப் போறீங்க, சொல்லுங்க," என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள், கன்னத்தில் கை வைத்து, கண்ணை அகலமாக்கி, ஒன்றும் தெரியாதவளைப் போல... காலேஜ் டூரில் ஃபாக்டரிக்கு வந்த அன்றும் இதே முகம்தான், கூட வந்தவர்கள் எல்லாம் பஸ்ஸுக்குப் போன பிறகும் இலை வாட்டும் தொட்டிக்கருகே நின்றுகொண்டு, காற்று கீழேயிருந்து ஏன் வருகிறது, மேலேயிருந்து வந்தால் என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்டாள், இப்படிக் கேட்க ஓர் ஆள் கிடைத்ததே என்றுதானே அன்றைக்கே அவளைப் பிடித்துப்போனது... அவளுக்கு அது உண்மையிலேயே புரியாமல்தான் இருந்ததா?