பூசாரி கட்டிய கயிறு

காளீஸ்வரன் குடியை நிறுத்திவிட்டான் என்று ஊரில் யாரும் சொல்வதில்லை. கயிறு கட்டியிருக்கிறான் என்றுதான் சொல்வார்கள். அதுதான் சரியும்கூட. திருச்சுழிப் பக்கம் கருப்பசாமி கோயிலில் பூசாரி வீரணன் அவன் வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிற்றைக் கட்டி, "இனி நீ தொட்டா சாமி கேக்கும்" என்று திருநீறு போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அதோடு பதினோரு மாதம் ஓடிப்போனது. குடிப்பதா வேண்டாமா என்கிற யோசனையைச் சாமி தலையில் இறக்கிவைத்துவிட்டு, இவன் பாட்டுக்கு அருப்புக்கோட்டையில் விசைத்தறிக்குப் போனான், வந்தான், தின்றான், தூங்கினான். சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடக்கிற மாதிரி நாளைத் தள்ளினான்.

கயிறும் அவனாக ஆசைப்பட்டுக் கட்டியதில்லை. போதையில் வண்டி ஓட்டி, பின்னால் இருந்த மகள் யுவராணியைக் கண்மாய்ப் பாலத்தில் தள்ளி, பிள்ளையின் முழங்கையை முறித்த புண்ணியவான் அவன். மனைவி நாகஜோதி மகளைத் தூக்கிக்கொண்டு மல்லாங்கிணற்றுக்கு, தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். கயிறு கட்டிய பிறகுதான் வந்தாள். வந்தவள் உள்ளே நுழையும் முன்பே சொல்லிவிட்டாள்: "கயிறு கையில கெடக்குற வரைக்கும் நான் இந்த வீட்ல கெடப்பேன். அது இல்லன்னா நானும் இல்ல."

அன்றைக்குச் சாயங்காலம் ஷிப்டு முடிந்து குழாயடியில் கை கழுவும்போது, பக்கத்துத் தறி சதீஸ்குமார் கேட்டான்.

"ஏலே, கயித்த எங்க?"

காளீஸ்வரன் குனிந்து பார்த்தான். மணிக்கட்டைச் சுற்றிக் கறுப்பாக வளையம் இருந்தது. தொட்டால் வெறும் தோல். கயிற்றுச் சாயமும் தறி எண்ணெயும் ஊறிப்போன தடம் அது. அதையே கயிறு என்று நினைத்துக்கொண்டு அலைந்திருக்கிறான். எப்போது அறுந்தது, எங்கே விழுந்தது, ஒன்றும் தெரியவில்லை. காவலுக்கு நின்ற சாமி எப்போது கிளம்பிப் போனது என்றுகூடக் கவனிக்காத ஆள்.

"தானா அத்துப்போச்சுன்னா சாமியே விட்டுருச்சுன்னு அர்த்தம் மாப்ள. இனிமே குத்தமில்ல," என்றான் சதீஸ்குமார். கேலியாகச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள்.

வழியில் மதுக்கடைச் சந்து வந்தது. வண்டியை நிறுத்திவிட்டான். பயப்படலாம் என்று பார்த்தான், பயம் வரவில்லை. மகள் கையை நினைத்துப் பார்த்தான். அது யார் வீட்டிலோ நடந்ததுபோல இருந்தது. உள்ளே தாகத்தைத் தவிர ஒன்றுமே இல்லை. பின்னால் லோடு ஏற்றி வந்தவன் ஹாரனை அழுத்தியதில் வண்டி வீட்டுப் பக்கம் திரும்பியது. இதை வைராக்கியம் என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள்.

யுவராணி டியூசனுக்குப் போயிருந்தாள். நாகஜோதி முறத்தில் சின்ன வெங்காயத்தைப் போட்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவன் கையை நீட்டிக் காட்டினான்.

"அத்துப்போச்சு."

"தெரியும்."

"எப்பருந்து?"

"ஒம்பது நாளாச்சு. துணி துவைக்கையில ஒங்க மடிச்ச சட்டைக்கைக்குள்ள கெடந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா குடிப்பீக." அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. "அன்னைக்கே துணிமணிய எடுத்து வச்சேன், மல்லாங்கிணறு பஸ்ஸுக்குப் போயிருவம்னு. நீங்க நேரா வீட்டுக்கு வந்தீக. சரி, நாளைக்குப் போவம்னு இருந்தேன். மறுநாளும் வந்தீக."

ஒன்பது நாளும் சாமி பிடித்து வைத்திருக்கவில்லை, தானேதான் குடிக்காமல் இருந்திருக்கிறோம் என்பது அவனுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. பெருமை வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. இனிமேல் குடித்தால் சாமி விட்டுருச்சு என்று யாரிடமும் சொல்ல முடியாது.

"காலையில திருச்சுழிக்குப் போயி வேற கயிறு கட்டிட்டு வந்துருவோமா?" என்றாள்.

"போவோம். சாமியக் கும்பிட்டு, குடிக்க மாட்டேன்னு நானே சொல்லிட்டு வாரேன். கயிறு வேணாம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்பக் குடிக்கணும்போல இருக்கு நாகஜோதி."

பதினோரு மாதத்தில் அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. கயிறு இருந்தவரை அதைச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"பூட்டாத," என்றான். "தெறந்தே கெடக்கட்டும்."

மதுக்கடை சாத்த இன்னும் மூன்றரை மணி நேரம் இருந்தது. அவள் கதவைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். காளீஸ்வரன் முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஒவ்வொரு வெங்காயமாக எடுத்து, வெகுநேரம் உரித்துக்கொண்டிருந்தான்.