தெருவிலே அந்நியர்

மனநலத்தைத் தெருத் தெருவாகக் கொண்டு சென்றவர் என்று பேராசிரியரைப் புகழாத மேடை இல்லை. உளவியல் துறையின் படியிறங்கி வந்து, மருந்துக்கடையின் மேல்மாடியில் சமூக மனநல மையம் ஒன்றைத் தொடங்கி, தலை நரைக்கும் வரை அதைத் தாங்கி நின்றவர் அவர். மாணவர்க்கு முதல் நாளே அவர் ஓதும் விதி ஒன்று உண்டு.

"நம்மகிட்ட சிகிச்சைக்கு வர்றவங்களைத் தெருவுல பார்த்தா முந்திக்கிட்டு வணக்கம் சொல்லாதீங்க. அவங்களா கூப்பிட்டா பேசுங்க. நம்ம வணக்கமே அவங்களைக் காட்டிக் கொடுத்துடும்."

பேராசிரியரின் அண்ணன் ஒருநாள் அவரைக் கூப்பிடத்தான் செய்தார்.

நிதி வழங்கும் அறக்கட்டளையிலிருந்து ஓர் அம்மையார் மையத்தைப் பார்வையிட வந்திருந்தார். அவரோடு பேராசிரியர் கடைவீதியில் நடந்துகொண்டிருக்கையில், காய்கறிப் பையும் பொத்தான் மாற்றி மாட்டிய சட்டையுமாக அண்ணன் எதிர்ப்பட்டார். கூடப் பிறந்தவர்; ஒரே வீட்டில் வாழ்பவர். இளமையிலேயே காதில் குரல்கள் கேட்கத் தொடங்கி, வெளியூர் மருத்துவர் ஒருவரிடம் மருந்துண்டு தேறியவர். "என் தலைக்குள்ள ரேடியோ ஓடுது, இன்னைக்கு ஒரே இரைச்சல்" என்று தாமே சொல்லிச் சிரிப்பவர். இப்படி ஓர் அண்ணன் உண்டென்று மையத்தில் எவரும் அறியார்.

"தம்பி! தக்காளி எல்லாம் அழுகல்டா. வெண்டைக்காயா அள்ளிட்டு வந்துட்டேன்!"

அம்மையார் திரும்பிப் பார்த்தார். "யாருங்க இவர்?"

பேராசிரியரின் நா நெஞ்சைக் கேளாமல் முந்திக்கொண்டது. "நம்ம மையத்துக்கு வர்றவர். எல்லாரையும் தம்பின்னுதான் கூப்பிடுவார்."

அண்ணனின் சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு பையைத் தரையில் வைத்துவிட்டுக் கைகூப்பினார். "ஆமாங்க. வணக்கம் டாக்டர்."

"எவ்வளவு தெளிவா பேசறார்! நாளைக்கு மையத்துல நடக்கற கூட்டத்துல இவரே ரெண்டு வார்த்தை பேசட்டுமே" என்றார் அம்மையார்.

"டாக்டர் சொன்னா வர்றேங்க."

டாக்டர் தலையசைத்தார். வேறென்ன செய்வார்?

அன்று மாலை மனைவி கேட்டாள்: "உங்க அண்ணனுக்கு என்னாச்சு? 'சார் சாப்பிட்டாச்சா'ன்னு கேக்கறார். நம்ம வீட்டுல யாரு சாரு?"

பேராசிரியர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

விடியலில் அண்ணன் துதிப்பாடலின் முதலடியை எடுப்பதும், தம்பி இரண்டாம் அடியைத் தொடுப்பதும் சிறுவயது முதல் தவறாத வழக்கம். மறுநாள் முதலடி எழவில்லை. விளக்கின் முன் நின்ற பேராசிரியர் தாமே தொடங்க வாய் திறந்தார். உடன்பிறந்தானை இல்லையென்ற நாவால் இறைவனை உண்டென்று பாடுவது எங்ஙனம்? பாடாமலே அண்ணனின் அறைவாசலில் போய் நின்றார்.

"அண்ணா, நேத்து..."

"நேரமாச்சு சார். கூட்டத்துக்குப் போகணும்ல?"

அண்ணன் கண்ணாடி முன் நின்று, ஒவ்வொரு பொத்தானாகப் பார்த்துப் பார்த்துச் சரியாக மாட்டிக்கொண்டிருந்தார்.

மையத்தின் கூடம் நிறைந்திருந்தது. அண்ணன் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார். "எனக்குள்ளயே ஒரு ரேடியோ ஓடுது, இது வேறயா?" என்றதும் கூடம் கலகலத்தது. "அந்த ரேடியோவை நிறுத்த முடியாதுங்க, சத்தத்தைக் குறைக்கலாம். ராத்திரி நான் பயந்தா இந்த டாக்டர் பக்கத்துல வந்து உக்காந்துப்பார். கூடப் பொறந்த தம்பிகூட அப்படிப் பாத்துக்க மாட்டான்."

பேராசிரியர் அம்முகத்தில் குத்தலைத் தேடினார். குத்தல் இருந்திருந்தால் தாங்கியிருப்பார். பொய்யைக்கூடத் தம்பிக்குக் குறை வராமல் சொல்லி முடித்த நிறைவு மட்டுமே அங்கே இருந்தது.

எழுந்தார். "இவர் இங்க சிகிச்சைக்கு வர்றவர் இல்ல. என் சொந்த அண்ணன்."

கூரை அதிரக் கைதட்டல். அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாணவர்கள் எழுந்து நின்றனர். எத்தகைய துணிவு, எத்தகைய பெருந்தன்மை என்று முன்வரிசை முணுமுணுத்தது. அண்ணனும் எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினார். ஒவ்வொரு தட்டலும் பேராசிரியரின் கன்னத்தில் விழுந்தது. இந்த அளவோடு அமர்ந்துவிட்டால், நேற்றைய இழிவும் இன்றைய புகழாகிவிடும்.

"கைதட்டாதீங்க" என்றார். "நேத்து கடைத்தெருவுல என்னை இவர் வாய் நிறையக் கூப்பிட்டார். நான்... இவரை யாருன்னு கேட்டதுக்கு..."

தோளில் ஒரு கை விழுந்தது. அண்ணன் ஒலிவாங்கியை மெல்ல அப்பால் தள்ளினார்.

"தம்பி, உக்காரு. இத்தனை பேர் முன்னாடி வேணாம்டா."

'தம்பி' என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நேற்று மாலையிலிருந்து ஏங்கிக் கிடந்தார். அது இப்போதும் அவர் மானத்தை மூடும் போர்வையாகவே வந்தது. அதற்குமேல் அவரால் தலை நிமிர முடியவில்லை. குனிந்த பார்வையில் அண்ணனின் சட்டை மட்டும் தெரிந்தது. பொத்தான்கள் எல்லாம் சரியாக இருந்தன.